வழக்கு மொழிக்கு வழக்காடிய கிடுகு ராமமூர்த்தி

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதியை ஆந்திர மக்கள் தெலுங்கு பாஷா தினமாகக் கொண்டாடி வருகிறார்கள். மகாகவி ஒருவரின் ஜன்ம தினமாக அது இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அன்று பிறந்தவரோ காவியம் எதுவும் பாடிப் பெயர் பெற்றவரல்லர். ஒரு ஜமீன் ஊரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர். கிடுகு வேங்கட ராமமூர்த்தி பந்துலு என்பது அவர் பெயர். ஜனங்கள் பேசுகிற பாஷைக்கும் இலக்கணம் உண்டு, அதில் எழுதுவது குற்றமாகாது என்று நிலைநாட்டுவதற்காக அவர் முப்பது வருஷங்களுக்கு மேல் போராடினார். இவ்வளவு எளிய உண்மைக்கு ஒரு மனிதரின் பாதி ஆயுள் வேண்டியிருந்ததா என்று வியப்பவர்கள் அவருடைய சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியனார் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று அந்நூலின் பாயிரம் கூறுவதைத் தமிழர் அறிவர். இவ்விரண்டில் வழக்கை ஒதுக்கிவிட்டுச் செய்யுளை மட்டுமே கண்டு, அதைக் கொண்டு உரைநடைக்கும் விதி செய்தால் விளைவது என்ன? அதைத் தெலுங்கு நாடு அனுபவித்துப் பார்த்தது. அந்த அனுபவத்தினின்று அதை மீட்க முயன்றவர்களில் முதல்வர் ராமமூர்த்தி.

இளமை

ராமமூர்த்தி 1863-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி, ஸ்ரீகாகுளத்துக்கு வடக்கே வம்சதாரை நதிக்கரையிலுள்ள பர்வதாலபேட்டை என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் வீரராஜு ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து வந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கையில், 1875-ல், அவர் காலமானார். பின்னர் ராமமூர்த்தி விஜியநகரம் மகாராஜாவின் ஆங்கிலப் பாடசாலையில் படித்து, 1879-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார்.

அந்தப் பாடசாலையில் அவருடன் படித்தவர் குரஜாடா அப்பாராவ். இவர் எழுதிய 'கன்யாசுல்கம்' என்ற நாடகம் 1892-ல் மேடையேறி 1897-ல் அச்சாயிற்று. பணம் வாங்கிக்கொண்டு சிறு பெண்களைக் கிழவர்களுக்கு மணம் செய்து கொடுக்கும் கொடுமையைக் கண்டிக்க எழுந்தது அந்த நாடகம். அதில் அக்கிரகாரத்தாரும், விதவையும், தாசியும், அரைகுறை ஆங்கிலம் கற்ற எத்தனும் தத்தம் வீட்டிலே பேசும் தெலுங்கையே பேசினர். ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் வழக்கு மொழியில் உயர்ந்த இலக்கியம் செய்ய முடியும் என்று செய்து காட்டினார். மற்றவர் அதற்கு நியாயஸ்தலத்தில் வாதாடும் வக்கீலைப்போல் ஆதாரம் திரட்டினார். இருவரும் சேர்ந்திராவிட்டால் காரியம் கைகூடியிராது என்பது நமது அபிப்பிராயம்.

1880-ல் ராமமூர்த்தி பர்லாகிமிடி ராஜாவின் பாடசாலையில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் உபாத்தியாயராக அமர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பி. ஏ. பட்டமும் பெற்றார். சரித்திரம் அவருக்கு விருப்பமான பாடம். பக்கத்து முகலிங்கம் கோயில்களிலுள்ள சாசனங்களைப் படிக்க விரும்பி, பழைய எழுத்துக்களைத் தாமாகவே கற்றுக்கொண்டார். கல்லில் வெட்டிய தெலுங்குக்கும் பண்டிதர் கற்பிக்கும் தெலுங்குக்கும் உள்ள வேற்றுமை அவர் கண்ணில் படாமலிருந்திராது.

சவரர்களின் மாணாக்கர்

பர்லாகிமிடியைச் சுற்றியுள்ள மலைகளில் சவரர் என்னும் ஆதிக்குடிகள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் பாஷை தெலுங்கோடும் ஒரியாவோடும் உறவில்லாதது. முண்டா இனத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் அதற்கு எழுத்து கிடையாது, நூல் கிடையாது. மலையினின்று சந்தைக்கு இறங்கி வருகிற சவரனைக் கண்டால் ஊரார் எள்ளி நகையாடுவதும், கடைக்காரன் ஏமாற்றுவதும், கச்சேரியில் அவன் சொல்வது யாருக்கும் விளங்காமல் போவதுமே அந்நாளைய நிலை.

ராமமூர்த்தி அந்தப் பாஷையைக் கற்கத் துணிந்தார். தெலுங்கும் சவரமும் அறிந்த ஒருவரைத் தமது வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதிக்கொண்டார். ஆசாரம் மிகுந்த அந்நாளில் ஒரு பிராமண உபாத்தியாயர் இவ்வாறு செய்வது சாமானியமான காரியமன்று. பிறகு சவரச் சிறுவர்களுக்காகப் பாடப் புத்தகங்கள் எழுதினார்; தமது செலவில் பள்ளிகள் வைத்து, அவர்களுடைய தாய்ப்பாஷையிலேயே கல்வி அளித்தார். அந்தப் புத்தகங்களுக்குச் சென்னை சர்க்கார் சன்மானம் அளிக்க முன்வந்தபோது, பணம் தமக்கு வேண்டாம், அதைக் கொண்டு சவரர்களுக்குப் பள்ளிக்கூடம் வையுங்கள் என்று தெரிவித்துவிட்டார். பல்லாண்டு உழைப்பின் பயனாக அவருடைய சவர பாஷை இலக்கணம் 1931-ல் வெளிவந்தது. ஆங்கில-சவர அகராதி 1933-லும், சவர-ஆங்கில அகராதி 1938-லும் வெளிவந்தன.

இந்தத் தொண்டுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மலைக்காட்டில் திரிந்ததால் விஷஜுரம் பற்றிற்று. அதற்காக உண்ட கொயினா மருந்தினால் காது மந்தமாயிற்று. மக்கள் வாயிற் பிறக்கும் சொல்லுக்காகப் பிற்காலத்தில் மன்றாடியவர், எதிர்க்கட்சியார் பேசுவதை நன்கு கேட்க முடியாமலே சபைகளில் அமர்ந்திருந்தார்.

சவர பாஷையில் அவர் பெற்ற பயிற்சியே அவருடைய பிற்கால வாதத்துக்கு அடிப்படை என்று நாம் கருதுகிறோம். ஏடறியாத மலைவாசி பேசும் பாஷையிலும் ஒழுங்கு உண்டு. வினைச்சொல் எவ்வாறு திரியும், எந்த உருபு எங்கே சேரும் என்பதற்கெல்லாம் தவறாத விதி உண்டு. அந்த விதியைப் பேசுகிறவன் எடுத்துச் சொல்ல அறியாவிட்டாலும், அதை மீறிப் பேசமாட்டான். சவரனின் பேச்சுக்கே இலக்கணம் உண்டென்றால், லட்சக்கணக்கான ஆந்திரர்கள் வீட்டிலும் வீதியிலும் பேசும் தெலுங்குக்கு இலக்கணமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டு தெலுங்கு

பண்டிதர்கள் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் தெலுங்குப் பண்டிதராயிருந்த பரவஸ்து சின்னய சூரி, 1853-ல் 'நீதி சந்திரிகை' என்ற வசன நூலையும், 1858-ல் 'பால வியாகரணம்' என்ற இலக்கணத்தையும் வெளியிட்டார். அவர் மகா விற்பன்னர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 11-ம் நூற்றாண்டு நன்னய பட்டர் முதலான பழங்கவிகளின் செய்யுட்களைக் கொண்டு வகுத்த விதிகள், அந்நூல்களின் செல்வாக்கால் பள்ளிப் பிள்ளை எழுதும் வசனத்துக்கும் சட்டமாயின. இந்த நூல் நடையைக் கிராந்திகம் என்றும், பேச்சு நடையை வியாவஹாரிகம் என்றும் வழங்குவர்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். செய்துகொண்டிருக்கிறான் என்பதைப் பேச்சில் சேஸ்துன்னாடு என்பர். ஏட்டில் சேயுசுன்னாடு என்று எழுதவேண்டும். வந்தான் என்பது பேச்சில் வச்சாடு, ஏட்டில் வச்செனு. பேச்சில் எந்நாளோ மறைந்துபோன அரைச் சுன்னம் என்ற ஓர் எழுத்து எந்தெந்தச் சொல்லில் வரும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தாக வேண்டும். ரகரமும் றகரமும் நாவில் ஒன்றாகிவிட்ட பிறகும் ஏட்டில் வேறுபடுத்தியாக வேண்டும். போதாக்குறைக்குச் சொற்களை விதிப்படி புணர்த்தியே எழுதவேண்டும். விஷயம் தெரிந்த பிள்ளையும் விடையை எழுத அஞ்சி நிற்பான். விஷயம் தெரியாதவன் பழஞ்சொற்களைக் கோத்துத் தப்பித்துக்கொள்வான். கல்வி அறிவைக் கொடுப்பதற்குப் பதிலாக அச்சத்தைக் கொடுத்தது.

இந்த ஏற்பாடு தொன்று தொட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதுவும் உண்மையன்று. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமய்யர் 1830-31-ல் காசிக்குப் போய் வந்து எழுதிய 'காசி யாத்திரா சரித்திரம்' 1838-ல் அச்சாயிற்று. அது பெரும்பாலும் அக்காலத்துப் பேச்சுத் தெலுங்கிலேயே இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் தஞ்சை, மதுரை நாயக்கர் சமஸ்தானங்களில் எழுந்த தெலுங்கு நாடகங்களிலும் வசன நூல்களிலும் பேச்சு வழக்குகள் தாராளமாகப் பயின்று வருகின்றன. ஆகவே புதுமை செய்தவர்கள் வழக்கு மொழிக்காரர் அல்லர். செய்யுள் விதியை வசனத்துக்குச் சட்டமாக்கியவர்களே புதுமை செய்தவர்கள்.

போராட்டம்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேட்ஸ் என்ற ஆங்கிலேயர் வட ஜில்லாக்களுக்குப் பாடசாலைப் பரிசோதகராக வந்தார். ஜனங்கள் பேசுவதும் புத்தகங்களில் இருப்பதும் இரண்டு பாஷைகளாக இருப்பதைக் கண்டு திகைத்துக் காரணம் கேட்டார். விசாகப்பட்டணம் கல்லூரித் தலைவராயிருந்த பி. டி. சீனிவாச அய்யங்கார், இந்தக் கேள்விக்குத் தக்கபடி விடை கூறக்கூடியவர்கள் அப்பாராவும் ராமமூர்த்தியுமே என்று காட்டினார். இவர் பிற்காலத்தில் தமிழர் சரித்திரம் எழுதிய அதே அய்யங்கார்தாம். இவ்வாறு நால்வர் கூடியதிலிருந்து கிளர்ச்சி பிறந்தது. ஆங்கில அதிகாரியின் கேள்வியிலிருந்து பிறந்ததாகையால் அதன் மீது ஐயங்கொண்ட தேசாபிமானிகளும் இருந்தனர். கேள்வியைக் கேட்டவர் யார் என்று ஆராய்ந்தவர்கள், கேள்வியின் நியாயத்தை ஆராயத் தவறினார்கள்.

ஸ்கூல் பைனல் பரீட்சையில் வியாசத்தை எந்த நடையிலும் எழுதலாம் என்ற சலுகை 1912-13-ல் கிடைத்தது. உடனே பண்டித உலகம் கொதித்தெழுந்தது. 1911-ல் ஏற்பட்டிருந்த ஆந்திர சாகித்திய பரிஷத்து, ஜயந்தி ராமய்ய பந்துலுவைத் தலைவராகக் கொண்டு எதிர்ப்பை நடத்தியது. ராமமூர்த்தி 1913-ல் தற்காலத் தெலுங்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விரிவான விண்ணப்பம் எழுதி வெளியிட்டார். சென்னை சர்வகலாசாலைக் கமிட்டியில் பெரும்பான்மையோர் கிராந்திகத்தையே ஆதரித்தனர். அங்கத்தினராயிருந்த அப்பாராவ் 1914-ல் தமது மாறுபட்ட அபிப்பிராயத்தை நீண்ட அறிக்கையாக எழுதி வைத்தார். அடுத்த வருஷம் நவம்பரில் அவர் காலமானார். வாதத்தின் பாரம் முழுவதும் ராமமூர்த்தியின் தோளில் வந்து விழுந்தது.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. ஒரு ஜில்லாவில் பேசுவது போல் மற்றொன்றில் பேசுவதில்லை. ஒவ்வொருவனும் தன் வாய்க்கு வந்தபடி எழுதினால் ஒரு ஜில்லாவின் எழுத்து மற்றொன்றுக்கு விளங்காது. நூல் நடை ஒன்றே ஆந்திரரை ஒன்றாகக் கட்டும் கயிறு. அதை அறுத்தால் பழங்காவியங்களும் அந்நியமாகிவிடும் என்றார்கள். இது பாஷையிடம் பக்தி கொண்டவர்களின் கவலை, பொய்யான கவலையன்று.

ராமமூர்த்தி இதற்குப் பதில் வைத்திருந்தார். கண்டபடி எழுதலாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கற்றவர்கள் ஒருவரோடொருவர் பேசும் பொதுவான தெலுங்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதையே எழுத்துக்கும் கொள்ளவேண்டும் என்றார். பழங்காவியங்களை அவற்றின் காலத்து பாஷையிலே படித்து இன்புறவேண்டும். ஆனால் அந்த பாஷையில் இன்று கடிதமும் கட்டுரையும் எழுதும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்றார். இவற்றிற்கெல்லாம் மேலாக அவர் கையாண்ட ஆயுதம் ஒன்று உண்டு. கிராந்திகமே எழுதுவதாகப் பெருமை கொண்ட பண்டிதர்களின் நூல்களை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, அவர்கள் தங்கள் விதிகளைத் தாங்களே எங்கெங்கே மீறியிருக்கிறார்கள் என்று காட்டினார். பண்டித வைத்தியர்களுக்கே மருந்து என்ற பொருள்படும் பெயரோடு அந்த ஆராய்ச்சி புத்தகமாயிற்று. பண்டிதர்களை அவமதிப்பது அவர் நோக்கமாயிருக்கவில்லை. விதியை வகுத்துக் காப்பவர்களாலேயே அனுசரிக்க முடியாத விதியைக் குழந்தைகள் மேல் சுமத்துவது அநீதி என்பதே அவர் காட்டியது.

முதியவரின் துணை

1919-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ராஜமகேந்திரத்தில் தற்கால ஆந்திர பாஷையைப் பரப்புவதற்கென்று ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. விதவா விவாகத்துக்காகப் பாடுபட்ட அந்தப் பெரியார், தமது காலத்தில் கிராந்திக வசனத்தில் பேர்பெற்றவர். சின்னய சூரி விட்ட இடத்திலிருந்து அதே நடையில் தொடர்ந்து எழுதியவர். எழுபது வயதில், தாம் வளர்த்த நடை ஜனங்களுக்குத் தடையாக நிற்கிறது என்று கண்டு, எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தார். அதே வருஷம் மே மாதத்தில் அவர் மறைந்தார். மூன்று மாதமே நீடித்த அந்தத் துணை, வழக்கு மொழிக் கட்சிக்கு அளித்த பலம் பெரிது.

'தெலுங்கு' என்ற மாதப் பத்திரிகையை ராமமூர்த்தி நடத்தினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. அவரோ சளைக்கவில்லை. புத்தக மூட்டையோடு ஊர் ஊராகப் போனார். 1925-ல் தணுகுவில் கூடிய சாகித்திய பரிஷத்து சபையிலே பல மணி நேரம் நின்று, ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் பரிகசித்த சபைகள் பிறகு கேட்டன. கேட்டவர்களில் இளைஞர்கள் எழுதத் தொடங்கினர். தர்க்கத்தால் தளர்ந்த எதிர்ப்பைக் கதைகளும் நாடகங்களும் பத்திரிகைகளும் மேலும் கரைத்தன. 1934-ல் சர்க்கார் அவருக்குக் கெய்சரி ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. இருபது வருஷத்துக்கு முன் சர்வகலாசாலையில் அவர் கேட்ட நியாயத்தைக் கொடுத்திருந்தால், அது பதக்கத்தினும் பெரிய வெகுமதியாயிருந்திருக்கும்.

ஊரைத் துறந்தது

1936-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஒரிஸ்ஸா தனி மாகாணமாயிற்று. பர்லாகிமிடியும் அதில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து நின்ற ராமமூர்த்தி, ஐம்பத்தைந்து வருஷம் வாழ்ந்த ஊரை விட்டு வெளியேறி ராஜமகேந்திரத்துக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. மாகாண எல்லையை வரைகிற கோடு ஒரு மனிதரின் வீட்டு வாசலை எப்படி வெட்டும் என்பதற்கு இது ஒரு சான்று. அவர் நேசித்த சவரர்கள் அந்தக் கோட்டுக்கு இரு பக்கத்திலும் சிதறினார்கள். அதே 1936-ல் சவரர்களிடையே மங்கேய் கொமாங்கோ என்பவர் தம் இனத்தாரின் பாஷைக்கென்று தனி எழுத்து ஒன்றைப் படைத்தார்.

1940-ம் வருஷம் ஜனவரியில் ராமமூர்த்தி பத்திரிகாசிரியர்களைப் பார்த்துத் தமது கடைசி விண்ணப்பத்தைச் செய்தார். ஜனங்களுக்காக நடத்தும் பத்திரிகையை ஜனங்களின் பாஷையில் நடத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அம்மாதம் 22-ந் தேதி அவர் காலமானார். சர்வகலாசாலைகளும் பாடப் புத்தகங்களும் அவர் சொன்ன வழிக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று தெலுங்கில் நாவலும் செய்தியும் பாடமும் பெரும்பாலும் அவர் வாதாடிய நடையிலேயே வருகின்றன.

நாம் அறியவேண்டியது

வெற்றி பெற்ற பின்பும் ஒரு கேள்வி மிஞ்சியது. கற்றவர் பேசும் தெலுங்கு என்றால் எந்த ஊர்க் கற்றவர்? கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளில் வழங்கிய பேச்சே நாளடைவில் பொது வழக்காக நிலைபெற்றது. தெலங்காணத்தார் தம் வீட்டுச் சொற்கள் பாடப் புத்தகத்திலும் மேடையிலும் இழிவாக எண்ணப்படுவதாக நெடுங்காலம் குறைப்பட்டு வந்தனர். தனி மாநிலமான பின் அவர்கள், கவிஞர் காளோஜி நாராயண ராவ் பிறந்த செப்டம்பர் 9-ந் தேதியைத் தங்கள் பாஷா தினமாகக் கொண்டாடுகிறார்கள். இது ராமமூர்த்தியின் கொள்கைக்குத் தோல்வி என்று நாம் கருதவில்லை. அந்தக் கொள்கையை அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டு செல்லும் முயற்சியே ஆகும். ஒரு காலத்தில் விடுதலையாக வந்த நடை மற்றொரு காலத்தில் வேறொருவனுக்கு விலங்காகக்கூடும். எந்தப் பொது நடையும் தனக்கு வெளியே நிற்பவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொது வாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மேடையில் ஜனங்களின் சொற்களால் பேசி ஆதரவு தேடுகிறோம்; பிறகு சட்டத்தையும், மனுவையும், தீர்மானத்தையும், சர்க்கார் உத்தரவையும் அவர்களுக்கு விளங்காத நடையில் எழுதுகிறோம். உத்தரவைப் படித்துச் சொல்ல ஒருவனையும், மனு எழுதிக் கொடுக்க மற்றொருவனையும் குடியானவன் தேடி அலைய வேண்டியிருக்கும் வரையில், வாக்குச் சீட்டு அவன் கையிலிருந்தாலும் பேனா பிறர் கையிலேதான் இருக்கும். பாஷையின் பெருமையைக் காப்பதும் அதைப் பேசுகிறவனின் பெருமையைக் காப்பதும் வேறு வேறல்ல.

ராமமூர்த்தி இதைப் புத்தகத்திலே படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏடறியாத மலைவாசியைக் குருவாகக் கொண்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டபோது அறிந்தார். திருத்துவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற அந்த வழக்கம், பண்டிதருக்கும் பத்திரிகைக்காரருக்கும் அதிகாரிக்கும் அரசியல்வாதிக்கும் ஒருங்கே வேண்டியதாகும்.